காரணம் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறோம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கடை. உள்ளே ஒரு மேசை. அதன் மேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் கருத்துக் கணிப்பு என்று சொல்லி, கடைக்கு வருகிறவர்களிடம் எது தரமானது என்று கேட்கிறார்கள். வருகிறவர் நான்கையும் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டுகிறார். ஏன் அது என்று கேட்டால், நெசவு நன்றாக இருக்கிறது, மெல்லிசாக இருக்கிறது, நன்றாக இழுபடுகிறது என்று பதில் வருகிறது.

நான்கும் அச்சு அசலாக ஒரே காலுறை. இடது ஓரத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தவர்கள் 12 சதவீதம். அடுத்தது 17, அதற்கடுத்தது 31, வலது ஓரத்தில் இருந்தது 40. சரக்கில் வித்தியாசமே இல்லாதபோது தேர்வை நகர்த்தியது வைத்த இடம்தான். ஆனால் ஒருவர்கூட இடத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. "ஒருவேளை அது இருந்த இடத்தால் உங்களுக்குப் பிடித்திருக்குமோ?" என்று நேரடியாகவே கேட்டும் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். கேட்டவருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்கிற மாதிரி ஒரு பார்வையும் பார்த்தார்களாம்.

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் காலுறைக் கதை ஒரு சின்னப் பகுதி. மனிதர்களின் அன்றாட நடத்தையை மறைவாக இயக்குவது எது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், இன்றுவரை சரியாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம்மைத் திருப்பிவிடுகிற சங்கதிகள் பெரும்பாலும் கண்ணெதிரிலேயே கிடக்கின்றன. மேசையின் வலது ஓரம் என்ன ரகசிய இடமா? அது நம்மைத் திருப்பியது என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. தெரியாத அந்த இடத்தில் நாமே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைக்கிறோம், பிறகு அதை மனதார நம்பவும் செய்கிறோம்.

பாப்கார்ன் புரளி

பொதுவாக மக்கள் மனதில் இருக்கும் படம் வேறு. கண்ணுக்கே படாத வேகத்தில் திரையில் ஒரு வரி மின்னும், நாம் எழுந்து போய் அதைச் செய்வோம் என்கிற மாதிரி. அந்தப் படத்துக்கு ஒரு தந்தை உண்டு. பெயர் ஜேம்ஸ் விகாரி, விளம்பர ஆலோசகர். நியூஜெர்சி மாநிலம் ஃபோர்ட் லீ ஊரில் ஒரு திரையரங்கில் ஆறு வாரம் சோதனை நடத்தியதாக 1957இல் அறிவித்தார். படம் ஓடும்போது ஐந்து நொடிக்கு ஒருமுறை, ஒரு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம், "பாப்கார்ன் சாப்பிடுங்கள்", "கோக்கோ கோலா குடியுங்கள்" என்ற வரிகளை மின்ன விட்டாராம். பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேல் ஏறியதாம், கோலா 18 சதவீதம். பார்த்தவர்கள் எண்ணிக்கை 45,699 என்று ஒற்றை எண் வரை சொன்னார். இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அமெரிக்காவே பதறியது. ஆனால் சோதனை விவரங்களை அவர் முறையாக வெளியிடவே இல்லை. 1962இல் ஒரு விளம்பரத் துறைப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தபோது, கையில் இருந்த தரவு எதற்கும் போதாத அளவு சொற்பம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இதற்கு நடுவில் 1958இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி தன் பங்குக்கு ஒரு சோதனை செய்தது. ஒரு நிகழ்ச்சிக்கு நடுவே "இப்போதே தொலைபேசியில் அழையுங்கள்" என்ற வரியை 352 முறை மின்ன விட்டார்கள். அழைப்புகள் கூடவில்லை. என்ன செய்தி மறைந்திருந்தது என்று ஊகித்து எழுதச் சொன்னபோது கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நிகழ்ச்சி பார்க்கும்போது பசித்தது, தாகமெடுத்தது என்றார்கள். திரையில் மின்னிய வரி அவர்களை ஒன்றும் செய்யவில்லை. செய்தித்தாளில் படித்திருந்த பாப்கார்ன் கதைதான் பசியைக் கிளப்பியது.

மின்னல் வரிக்குத் துளிக்கூடச் சக்தி கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் ஒரு குளிர்பானத்தின் பெயரைக் கண்ணுக்குப் புலப்படாமல் காட்டினார்கள். ஏற்கெனவே தாகமாக இருந்தவர்களிடம் மட்டும் அந்தப் பானத்தைத் தேர்ந்தெடுக்கும் சாய்வு சற்றுக் கூடியது. தாகம் இல்லாதவரிடம் பலிக்கவில்லை. அவ்வளவுதான் அதன் எல்லை. ஆழ்மனதை மாற்றித் தருகிறேன் என்று வார இறுதியில் ஓட்டல் அரங்கில் கட்டணம் வாங்கி வகுப்பெடுக்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

வயதாக்கும் சொற்கள்

விகாரி வியாபாரி. அவரை விட்டுவிடலாம். பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே நடந்த ஒரு சரிவைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் உளவியல் காணொளிகள் இன்னும் அந்தப் பழைய சரக்கைத்தான் விற்றுக்கொண்டிருக்கின்றன.

1996இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்ஜ் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. மாணவர்களிடம் கலைத்துப்போட்ட சொற்களைக் கொடுத்து வாக்கியமாக்கச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த சொற்களில் நரை, சுருக்கம், புளோரிடா என்று முதுமையை நினைவூட்டுபவை கலந்திருந்தன (அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்கள் போய்க் குடியேறும் மாநிலம் புளோரிடா). வேலை முடிந்து அவர்கள் தாழ்வாரத்தில் நடந்துபோகும் நேரத்தைக் கணக்கிட்டால், மற்றவர்களைவிட மெதுவாக நடந்தார்களாம். சில சொற்களைப் படித்தாலே கால் தளர்ந்துவிடுகிறது! உளவியல் பாடநூல்களில் ஏறிய சோதனை இது. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 2011இல் வந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தில், இதையெல்லாம் நம்பாமல் இருக்க வழியே இல்லை என்ற தொனியில் எழுதினார்.

அடுத்த ஆண்டே பிரசல்ஸில் ஸ்டெஃபான் துவாயன் குழு இதே சோதனையை மறுபடி செய்தது. இந்தத் தடவை நிறுத்துக்கடிகாரம் பிடிக்கும் ஆள் இல்லை, நடை வேகத்தை அகச்சிவப்பு உணரிகள் அளந்தன. ஆட்களும் அதிகம். மெதுநடை காணாமல் போனது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சோதனையை நடத்துகிற உதவியாளர்களில் பாதிப் பேரிடம், "மாணவர்கள் மெதுவாக நடப்பார்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மீதிப் பேரிடம் வேகமாக நடப்பார்கள் என்றார்கள். முதுமைச் சொற்களைப் படித்தவர்களில், மெதுவாக நடப்பார்கள் என்று நம்பிய உதவியாளர்களிடம் வந்த மாணவர்கள்தான் மெதுவாக நடந்தார்கள். மறைவான தாக்கம் ஒன்று அந்த அறையில் இருக்கத்தான் செய்தது. அது சொற்பட்டியலில் மட்டும் இல்லை, பட்டியலை நீட்டிய ஆளிடமும் இருந்தது. அவருக்கும் அது தெரியாது.

2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரிய முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் தெளிவான முடிவு காட்டியிருந்தன. மறுசோதனையில் 36 சதவீதம்தான் தேறின. கானமனும் சின்ன ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். தட்டின் அளவு நம்மை எவ்வளவு சாப்பிட வைக்கிறது என்றெல்லாம் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பிரையன் வான்சிங்க்கின் ஆய்வுகள் பலவற்றை இதழ்கள் திரும்பப் பெற்றன. கல்வி நேர்மை மீறல் நடந்திருப்பதாக 2018இல் கார்னெல் பல்கலைக்கழகமே அறிவித்தது. ஆகவே "உங்கள் மூளையை ஏமாற்றும் பத்து விஷயங்கள்" மாதிரி ஒரு பட்டியல் கண்ணில் பட்டால், அதில் பாதியாவது இந்தச் சல்லடையில் விழுந்துபோனவையாக இருக்க வாய்ப்புண்டு.

முதல் விலை

சல்லடையில் நின்றவையும் உண்டு. அவற்றில் உறுதியானது விலை சம்பந்தப்பட்டது.

தி.நகரில் ஒரு பட்டுக் கடை, முகூர்த்த நாட்களுக்கு முந்தைய கூட்டம். "அக்கா, எந்த ரேஞ்சுல பார்க்கலாம்?" என்கிறார் சேலை போடுகிற தம்பி. எட்டாயிரத்துக்குள் என்கிறார் வந்தவர். தம்பி தலையாட்டிவிட்டு, கை எட்டும் தட்டை விட்டுவிட்டு மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறார். "வாங்க வேண்டாம்க்கா, சும்மா பாருங்க. காசா பணமா." முந்தானையை உதறி விரிக்கிறார். ஜரிகை மின்னுகிறது. இருபத்திரண்டாயிரம். அக்கா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறார். தம்பி வற்புறுத்தவில்லை, மடித்து ஓரமாக வைக்கிறார், ஆனால் உள்ளே எடுத்துப் போகவில்லை. அடுத்து விரிப்பது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இப்போது அது அவ்வளவாக உறுத்துவதில்லை. பேரம் பேசி, பதினொன்றாயிரத்து எண்ணூறுக்கு முடிகிறது. வீட்டில் கேட்டால், "பார்டர் அம்சமா இருந்துச்சு, அந்தக் கலர் நம்மகிட்ட இல்ல" என்பார். பொய் சொல்லவில்லை. பார்டர் நன்றாகத்தான் இருக்கிறது. காலுறையின் நெசவும் நன்றாகத்தான் இருந்தது.

இதை நங்கூர விளைவு என்கிறார்கள். காதில் முதலில் விழுந்த எண்ணைச் சுற்றியே அடுத்த மதிப்பீடு நிற்கும். ஏமஸ் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். 10 அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி அதில் தில்லுமுல்லு செய்திருந்தார்கள். பிறகு ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் ஊகம் நடுவாக 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இழுத்தது.

ஜெர்மனியில் சட்டத் துறையினரிடம் 2006இல் இதைவிடச் சங்கடமான சோதனை நடந்தது. கடையில் திருடிய பெண்ணின் வழக்கு விவரத்தைப் படிக்கக் கொடுத்து, அரசுத் தரப்பு கேட்கும் தண்டனை எத்தனை மாதம் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்யச் சொன்னார்கள். பகடைகள் 3 அல்லது 9 மட்டும் காட்டும்படி செய்யப்பட்டவை. 3 விழுந்தவர்கள் விதித்த தண்டனை சராசரியாக ஐந்து மாதத்தைச் சற்றுத் தாண்டியது, 9 விழுந்தவர்களுடையது எட்டு மாதத்தை நெருங்கியது. உருட்டியது அவர்கள் கைதான்.

36 இடங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த மறுசோதனை 2014இல் வெளியானது. அதில் தேசியக் கொடியைப் பார்த்தால் அரசியல் கருத்து மாறும், பணத்தைப் பார்த்தால் மனசு மாறும் என்ற வகை ஆய்வுகள் விழுந்தன. நங்கூர விளைவு தாக்குப்பிடித்தது. ஆடித் தள்ளுபடியில் அடித்துக் காட்டும் பழைய விலைக்கும், அடுக்குமாடி விளம்பரத்தில் "சந்தை விலை" என்று முதலில் போடும் எண்ணுக்கும் வேலை இருப்பதற்கு இதுதான் அடிப்படை.

கோழிக்கூட்டுக்கு மண்வெட்டி

காரணம் சொல்கிற வேலையை மூளைக்குள் யார் பார்க்கிறார்கள்? இதற்கு ஓரளவு பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டும் அறுவைச் சிகிச்சை ஒரு காலத்தில் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு இடப்பாதி பார்த்தது வலப்பாதிக்குத் தெரியாது. பேச்சு பெரும்பாலும் இடப்பாதியின் வசம். வலது கையை இயக்குவதும் அதுதான், இடது கையை இயக்குவது வலப்பாதி.

மூளை ஆய்வாளர் மைக்கேல் கசானிகா 1970களில் அப்படி ஒரு நோயாளியின் இடப்பாதிக்கு மட்டும் ஒரு கோழிக்காலின் படத்தையும், வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய வீட்டுப் படத்தையும் காட்டினார். எதிரே இருந்த அட்டைகளில் பொருத்தமானதைக் காட்டச் சொன்னபோது, வலது கை கோழியைக் காட்டியது, இடது கை மண்வெட்டியைக் காட்டியது. பனியை அள்ள மண்வெட்டி, சரிதானே. ஏன் இந்த இரண்டு என்று கேட்டதும் பேசுகிற இடப்பாதி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அது பனியைப் பார்க்கவே இல்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சமும் தயங்காமல், கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வெட்டி என்றார் நோயாளி.

இது மூளை அறுக்கப்பட்டவரின் கதை என்று ஒதுக்க முடியாதபடி செய்தவர்கள் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜொஹான்சனும் லார்ஸ் ஹாலும். 2005இல் வெளிவந்த அவர்களது சோதனையில் இரண்டு பெண்களின் புகைப்படங்களைக் காட்டி, எது அழகு என்று கேட்பார்கள். தேர்ந்தெடுத்த படத்தைக் கையில் கொடுத்து, ஏன் பிடித்தது என்று கேட்பார்கள். சில சமயம், சீட்டு வித்தைக்காரர் செய்வதுபோல், வேண்டாம் என்று சொன்ன படத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இப்படி மாற்றப்பட்டவற்றில் நான்கில் ஒரு பங்கைத்தான் கண்டுபிடித்தார்கள். மீதியில், தான் நிராகரித்த முகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அது ஏன் பிடித்தது என்று விளக்கினார்கள். ஒருவர், தனக்குக் காதணி பிடிக்கும் என்றார். அவர் உண்மையில் தேர்ந்தெடுத்த பெண் காதணி அணிந்திருக்கவில்லை.

பிறகு சூப்பர்மார்க்கெட்டில் ஜாமையும் தேநீரையும் வைத்து இதையே செய்தார்கள். அங்கும் பிடிபட்டது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் கலந்த ஜாமுக்குப் பதில் கசக்கிற பம்ப்ளிமாஸ் வகை ஜாம் மாறி வந்தபோதும் பலருக்குத் தெரியவில்லை. ருசி விஷயம்தானே என்று சொல்பவர்களுக்கு 2010 சுவீடன் தேர்தல் இருக்கிறது. வாக்காளர்களிடம் கொள்கைக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்ப வைத்து, சில விடைகளை எதிரணிப் பக்கம் சாயும்படி கைவித்தையால் மாற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். மாற்றிய விடைகளில் 22 சதவீதம்தான் கண்டுபிடிக்கப்பட்டன. 92 சதவீதம் பேர், இறுதியாகக் கூட்டி வந்த அரசியல் சாய்வைத் தங்களுடையதாகவே ஏற்றுக்கொண்டார்கள். தாங்கள் எழுதாத கருத்துக்கு நியாயமும் சொன்னார்கள். நம் ஊர்த் தேர்தல் விவாதங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது.

பக்கத்து நாற்காலி, பக்கத்து வீடு

பிப் லதானேயும் ஜான் டார்லியும் 1968இல் மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரிலிருந்த காற்றுத் துளை வழியாகப் புகை வர ஆரம்பித்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இருந்த இருவர் (ஆய்வாளரின் ஆட்கள்) புகையைப் பார்த்தும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தபோது, பத்துப் பேரில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கையால் விசிறிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு விசாரித்தால், நீராவி என்று நினைத்தேன், ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருந்ததால் நீங்களும் சும்மா இருந்தீர்களா என்று எப்படியெல்லாமோ சுற்றிவளைத்துக் கேட்டும் பயனில்லை. இல்லவே இல்லை என்றே சாதித்தார்கள்.

கலிபோர்னியாவில் மின்சாரத்தை வைத்து நடந்தது இதன் அப்பட்டமான வடிவம். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி இடம்பெற்ற குழு 810 பேரிடம், மின்சாரத்தை ஏன் சிக்கனம் செய்கிறீர்கள் என்று கேட்டது. சுற்றுச்சூழல் முதலில், அப்புறம் சமூகப் பொறுப்பு, அப்புறம் காசு மிச்சம். அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள் என்பது கடைசி. உண்மையான சிக்கனத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றையும்விட நெருங்கிப் பொருந்தியது. சான் மார்கோஸ் என்ற ஊரில் வீட்டுக் கதவுகளில் வெவ்வேறு வாசகங்களைத் தொங்கவிட்டார்கள். "உங்கள் பக்கத்து வீட்டார் பெரும்பாலும் ஏசிக்குப் பதில் மின்விசிறி போடுகிறார்கள்" என்ற ரீதியில் இருந்த வாசகம்தான் மீட்டரைக் குறைத்தது. உங்களுக்கு வந்த வாசகம் எவ்வளவு தூண்டியது என்று அதே வீட்டாரிடம் கேட்டபோது, பக்கத்து வீட்டு வாசகத்துக்குத்தான் குறைந்த மதிப்பெண்.

இதே ஊரில் இன்னொன்றும் தெரிந்தது. அக்கம்பக்கத்தின் சராசரி மின்செலவைச் சொன்னால், அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்களோ கூட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு வந்த சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அந்தக் கூடுதல் நின்றுபோனது. பின்னாளில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஆறு லட்சம் வீடுகளுக்கு இப்படி ஒப்பீட்டு அறிக்கை அனுப்பியபோது கிடைத்த சேமிப்பு சராசரியாக 2 சதவீதம். சின்ன எண். ஆனால் காகிதச் செலவில் கிடைத்தது.

இங்கே அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்விதழ்களில் வெளியான இப்படிப்பட்ட மெல்லிய தூண்டுதல்களின் பலன் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளிகள். அமெரிக்காவில் அரசுகளுக்காக இதையே தொழிலாகச் செய்யும் இரண்டு அமைப்புகளின் எல்லாச் சோதனைகளையும், தோற்றவற்றையும் விடாமல் சேர்த்து 2022இல் கணக்கெடுத்தபோது, அது 1.4 புள்ளிகள்தான். ஜெயித்ததை மட்டும் அச்சேற்றும் பழக்கம் படத்தை எவ்வளவு ஊதிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. மனிதன் கயிற்றில் கட்டிய பொம்மை என்று பேசுகிறவர்கள் 1.4ஐ மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

டிக் அடித்த பெட்டி

மற்றவற்றைவிடப் பெரிய பலன் காட்டுவது ஒன்று உண்டு. நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை யார் முன்கூட்டித் தீர்மானிக்கிறார்கள் என்ற விஷயம். கணினி மொழியில் டீஃபால்ட். 2003இல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் ஐரோப்பிய நாடுகளின் உடலுறுப்பு தானச் சம்மத விகிதத்தை அடுக்கிக் காட்டினார்கள். ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்திலிருக்கும் ஆஸ்திரியாவில் 99.98. கலாசாரமோ மொழியோ இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவராது. ஜெர்மனியில் சம்மதம் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆஸ்திரியாவில் சம்மதமில்லை என்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் இருக்கும் சம்மதம் வேறு, மருத்துவமனையில் நடக்கும் தானம் வேறு. இதற்கு நம் ஊரே உதாரணம். இந்தியாவின் 1994 சட்டப்படி யாரும் தானாகக் கொடையாளி ஆகிவிடுவதில்லை, மூளைச்சாவு நேர்ந்தால் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும். டீஃபால்ட் எதிராக இருந்தும் தமிழ்நாடு இதில் நாட்டின் முன்வரிசை மாநிலங்களில் ஒன்றாக இருக்கிறது. 2008இல் வந்த அரசாணைகள், மூளைச்சாவை அறிவிக்கும் முறை, கலங்கி நிற்கும் குடும்பத்திடம் போய்ப் பேசுவதற்கென்றே இருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாம் சேர்ந்து நடத்தியது அது. கொடையாளிகளின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்ததும் அந்தத் தொடர்ச்சிதான். பெட்டியில் டிக் அடித்து வைப்பதைவிட, உரிய நேரத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பது சில இடங்களில் அதிகம் செய்கிறது.

ஆனால் கைபேசியில் எதிரே யாரும் உட்காருவதில்லை. அங்கே பெட்டிதான் ராஜா. டிக்கெட் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே தள்ளினால் பயணக் காப்பீடு, ஏற்கெனவே டிக் அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு நற்காரியத்துக்கு ஐந்து ரூபாய், அதுவும் டிக். "இந்த விலையில் 2 இருக்கைகளே" என்று சிவப்பில் ஒரு வரி, பக்கத்தில் ஓடும் கடிகாரம். காப்பீட்டை எடுத்துவிடப் போனால் ஒரு கேள்வி வருகிறது: "பாதுகாப்பில்லாமல் பயணம் செய்ய விரும்புகிறேன்" என்பதை அழுத்தச் சொல்கிறது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் "வசதிக் கட்டணம்" முதல்முறையாகத் தலைகாட்டும். மாதச் சந்தா என்றால் சேர ஒரு தட்டு போதும். விலக வழி தேட வேண்டும்.

இந்த உத்திகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். ஒன்றிய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகைகள் தடை செய்யப்பட்டிருக்கின்றன. போலி அவசரம், கூடையில் பொருளை நைசாகச் சேர்ப்பது, மறுப்பவரைக் கூசவைக்கும் வாசகம், சந்தா வலை, சொட்டுச் சொட்டாகக் கூடும் விலை எல்லாம் அதில் அடக்கம். மேலே சொன்ன காப்பீட்டு வாசகம் போன்ற ஒன்றை அந்த நெறிகளே உதாரணமாகக் காட்டுகின்றன.

எனக்கு இந்த அணுகுமுறையில் பிடித்தது, அது வாடிக்கையாளரிடம் காரணம் கேட்பதில்லை என்பதுதான். காப்பீடு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், பயணத்தில் எதுவும் நடக்கலாமே, முன்னெச்சரிக்கைதான் என்று நாம் சொல்லிவிடுவோம். அந்த வாக்குமூலத்தை நம்பினால் எந்த நிறுவனத்தின் மேலும் குற்றம் சாட்ட முடியாது. அதனால் சட்டம் மனதை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறது. பெட்டியில் டிக் முன்கூட்டியே இருந்ததா, இல்லையா?

இருந்தது என்றால் அதைக் கண்டுபிடிப்பது யார் என்பதில்தான் இப்போது இழுபறி. 2025 ஜூனில் ஆணையம் இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுரை ஒன்று அனுப்பியது. மூன்று மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தணிக்கை செய்து இந்த உத்திகளை நீக்க வேண்டும் என்றது அது. தணிக்கை செய்யச் சொல்லியிருப்பது, அந்தப் பெட்டிகளில் டிக் அடித்துவைத்த அதே நிறுவனங்களிடம்.